நான் செலுத்தாத ஸ்தோத்திர காணிக்கை

என் தம்பி கடவுளை எதிர்த்தவன் அல்ல. எதிர்த்திருந்தால் அவனுக்காக ஜெபிப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் சபையில் ஓர் அம்மாவின் கணவர் குடித்துவிட்டு வந்து வேதாகமத்தைத் தூக்கி வாசலில் எறிவார். அவருக்காக ஜெபிக்கும்போது எல்லோருக்கும் குரல் தானாக உயரும். என்ன கேட்கிறோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. என் தம்பி குடிக்கமாட்டான். மழைநாளில் குடையோடு படகுத்துறைக்கு வந்து எனக்காக நிற்பான். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வா அக்கா, மீனை நான் பாத்துக்கிறேன்" என்பான். அவன் வரமாட்டான். விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக நான் பல வருஷம் முழங்காலில் நின்றேன்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு மிளகுக் கிடங்கில் எடை எழுத வந்தவர். எழுபதுகளின் நடுவில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் நாங்கள் இருவர் மட்டும் அந்த வீட்டில் மிச்சம். கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறையும் அடுக்களையும் கொண்ட வாடகை வீடு. எந்த அலமாரியைத் திறந்தாலும் சுக்கு வாசனை அடிக்கும். நான் வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் டைப்பிஸ்ட், தினமும் படகில் போய்வருவேன். தம்பி என்னைவிட மிகவும் இளையவன். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, அங்கேயே மெக்கானிக் ஆகிவிட்டான்.

அவன் கோயிலை விட்ட விதத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை படகுகள் கடலுக்குப் போகாது. எஞ்சினைத் திறந்து பார்க்க அன்றைக்குத்தான் முடியும். "ஞாயித்துக்கிழமை நான் திறக்கலேன்னா திங்கக்கிழமை நடுக்கடல்லே நின்னுக்கிட்டு படகுக்காரச் சேட்டன்மார் என்னைச் சபிப்பாங்க. ஐயா ஆசீர்வாதம் பண்ணியும் பிரயோஜனம் இருக்காது" என்று சிரிப்பான். முதலில் வேலை இருந்ததால் வரவில்லை. பிறகு வேலை இல்லாத ஞாயிறுகளிலும் வரவில்லை. சண்டை இல்லை, கேள்வி இல்லை, யாரும் அவன் மனதைப் புண்படுத்தவும் இல்லை. சபையில் முழு அங்கத்தினராகச் சேருமுன் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் எல்லாரையும்விடத் தெளிவாகப் பதில் சொன்ன பையன் அவன். ஒரு சட்டை சின்னதாகிப் போனதுபோல அதைக் கழற்றி வைத்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டில் நான் குடும்ப ஜெபம் நடத்துவேன். குடும்பம் என்றால் நான்தான். நான் வேதாகமத்தைத் திறந்ததும் அவன் ரேடியோவை அணைப்பான். மரியாதையாக எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவான். பாத்திரச் சத்தம்கூட வராது. அந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் அவனுக்காக உபவாசம் இருக்கத் தொடங்கினேன். அவனிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரே அடுப்பில் வாழ்கிற இரண்டு பேரில் ஒருவர் சாப்பிடாமல் இருப்பதை மற்றவரிடம் மறைக்க முடியாது.

"யாருக்காக இந்தப் பட்டினி?" என்று கேட்டான்.

நான் அவன் தட்டில் சோற்றை வைத்தேன்.

"எனக்காகவா? நீ வயிறு காஞ்சு உக்காந்திருக்கையிலே நான் எப்படிச் சோத்திலே கை வைக்கிறது? நீ சாப்பிடு, நானும் சாப்பிடறேன்."

"நான் சாப்பிடமாட்டேன். நீ சாப்பிடு."

"அப்போ நான் வெளியே பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் தோப்பும்படியிலேயே ஒரு சாயாக்கடையில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, அங்கேயே சீட்டு விளையாடிவிட்டு வந்தான். மற்ற நாட்களில் ஜெப நேரத்தில் அடுக்களையிலாவது இருப்பான். நான் அவனுக்காகச் சாப்பிடாமல் இருந்த நாளில் மட்டும் அவன் வீட்டில் இல்லை. உபவாசத்தை அலுவலக மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். படகுத்துறையில் என் கையிலிருந்து பையை வாங்கியவன், "டிபன் பாக்ஸ் காலையிலே போன கனத்திலேயே திரும்பி வருதே. படகிலே இதுக்கு டிக்கெட் கேக்கலையா?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கோயில் கிடையாது. மலையாள ஆராதனை முடிந்து, வெயில் ஏறிய பிறகு அந்தக் கட்டிடத்தில் எங்களுக்கு இடம் கிடைக்கும். அதனால் எங்கள் சபையின் உயிர் புதன்கிழமை வீட்டுக் கூட்டங்களில்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அதை நடத்தினார். எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தங்கள் ஜெப விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மகளின் கல்யாணம், ஒருவருக்கு இடுப்புவலி, எனக்கு எப்போதும் தம்பி. நான் வாய் திறக்குமுன்பே டீச்சரம்மா தலையை ஆட்டிவிடுவார்.

கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு புதன்கிழமை, தம்பி வழக்கத்தைவிட முன்னதாகவே பட்டறையிலிருந்து வந்துவிட்டான். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான். பக்கத்து வீட்டில் இரண்டு பெஞ்சு கேட்டு வாங்கி வந்தான். பிறகு எல்லோருக்கும் சாயா போடப் போனான். டீச்சரம்மா ஜெபிக்கத் தொடங்கினார். அவருக்கு வகுப்பறைக் குரல். அடுக்களைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். "இந்த வீட்டில் காணாமற்போன ஆடு ஒன்று உண்டு, ஆண்டவரே. அதன் கடின இருதயத்தை உடையும். அதன் பெருமையை நொறுக்கும்" என்று அவர் நீண்ட நேரம் மன்றாடினார். உடைக்கவும் நொறுக்கவும் அவனிடம் என்ன இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை. பால் பொங்கும் சத்தம் கேட்டது. திரையை ஒதுக்கிக்கொண்டு தட்டோடு வந்தவன், எல்லோரும் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான். நான் கண்ணை மூடவில்லை. அதனால் பார்த்தேன். ஜெபம் முடியும்வரை தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். தம்ளர்களில் ஆடை படிந்துவிட்டது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தவர்கள் எதிரே அவனைக் கண்டார்கள்.

"காணாமப்போன ஆடு சாயா கொண்டாந்திருக்கு டீச்சரம்மா. ஆறிப்போச்சு. வேற போடட்டா?" என்றான்.

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. "நீ சிரி தம்பி. அழுகிற நாள் ஒண்ணு வரும்" என்றார் அன்பாகவே. அவன் தட்டை இறக்கி வைத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தம்ளரை எடுத்துக் கொடுத்தான். எனக்குக் கொடுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுபதுகளின் முடிவில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். தம்பிக்கும் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை கிடைத்து விசா வந்தது. அவன் போகப்போகிறான் என்ற நாளிலிருந்து எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இங்கே அவன் என் கண்ணுக்கு முன்னால் இருந்தான். வராவிட்டாலும் வரக்கூடிய தூரத்தில் இருந்தான். அங்கே ஞாயிறு விடுமுறையும் கிடையாது, தமிழ் வேதாகமத்தைக் கண்ணால் பார்க்கவும் வழியிருக்காது. போவதற்குமுன் அவன் தானாக ஒருமுறை தேவனிடம் திரும்பினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். பெரிதாக எதையும் கேட்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் சபையில் தூரதேசம் போகிறவர்களுக்குப் பயண ஜெபம் உண்டு. ஆராதனை முடிந்ததும் போகிறவர் முன்னால் சென்று பீடத்தைச் சுற்றியுள்ள கிராதியருகே முழங்காற்படியிட, போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். அதற்கு வருவாயா என்று தம்பியிடம் கேட்டேன். சுற்றி வளைத்துப் பேசவேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தேன். அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல், "வரேன்" என்றான்.

"நிஜமாவா?"

"நீ கேட்டே, வரேன்னேன். இன்னும் என்ன?"

பயண ஜெபத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை, பட்டறையில் அவன் கடைசியாகத் திறந்த எஞ்சினிலிருந்து துரு தெறித்துக் கண்ணில் விழுந்துவிட்டது. ஞாயிறு காலையில் இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. நான்தான் அவனைச் சுவரோரம் உட்காரவைத்து விளக்கெண்ணெய் விட்டேன். கண்ணைக் கசக்காதே என்று சொல்லிக் கையில் ஒரு கைக்குட்டையும் கொடுத்தேன். அந்தக் கண்ணோடுதான் அவன் கோயிலுக்கு வந்தான். போதகர் அழைத்ததும் எழுந்து போனான். முழங்காற்படியிட்டான். எண்ணெய் தேய்த்து வாரிய அவன் தலைமேல் போதகரின் கை இருந்தது. அவன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தான். திரும்பவும் துடைத்தான். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. டீச்சரம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அவர் கன்னத்திலும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

விளக்கெண்ணெய் விட்டவள் நான். ஆனாலும் ஒரு கணம் நானும் நம்பினேன்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன். "அங்கே முட்டி போட்டிருந்தியே, மனசிலே என்ன தோணிச்சு?"

"கண்ணு எரிஞ்சுது."

"விளையாடாதே."

"ஒண்ணும் தோணலே அக்கா. பொய் சொல்லச் சொல்றியா? உனக்காகத்தான் முட்டி போட்டேன். உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். அது போதாதா?"

"போதாது."

"உன்னோட பெரிய தொல்லை. வரலேன்னாலும் குத்தம், வந்தாலும் குத்தம்."

அந்த வாரமே அவன் பம்பாய் ரயிலேறினான். ரயிலடியில் நான் அழுததைப் பார்த்து, கண்ணுக்கு விளக்கெண்ணெய் வேண்டுமா என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு ஆராதனையின் நடுவில் போதகர் ஸ்தோத்திர காணிக்கைகளை அறிவித்தார். பிறந்தநாளுக்காக ஒருவர், அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்காக ஒருவர். அதற்குப் பிறகு என் காதில் விழுந்தது: "நம்முடைய தம்பி மனந்திரும்பி ஆண்டவரிடம் வந்ததற்காக அவருடைய சகோதரி செலுத்தும் ஸ்தோத்திர காணிக்கை." முன் வரிசைகளில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் எந்தக் காணிக்கையும் செலுத்தவில்லை.

வாசலில் டீச்சரம்மாவைப் பிடித்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றார். "தம்பியை அனுப்புற அலைச்சலிலே உனக்கு ஞாபகம் இருந்திருக்காது. இத்தனை வருஷம் கேட்டு வாங்கினதுக்கு நன்றி சொல்லாம இருக்கலாமா? உன் பேரிலே நானே போட்டுட்டேன்."

"அவன் மனந்திரும்பலே டீச்சரம்மா. கண்ணிலே துரு விழுந்திருந்துச்சு."

"துருவையும் கர்த்தர் உபயோகிப்பார்."

"அவனே என்கிட்டே சொன்னான், ஒண்ணும் தோணலேன்னு."

"அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே நடக்கிறது அவனுக்கே தெரியாது." என் தோளைத் தட்டிவிட்டுத் தன் குடையை விரித்துக்கொண்டு போனார்.

போதகரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், களைத்த மனிதர். இரண்டு மொழியில் இரண்டு ஆராதனை முடித்துவிட்டு அங்கியை மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அடுத்த வாரம் அந்த அறிவிப்பைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"காணிக்கையைத் திருப்பித் தர்ற வழக்கம் இல்லையேம்மா."

"காணிக்கை இருக்கட்டும் ஐயா. நடக்காததை நடந்ததுன்னு வாசிச்சிருக்கீங்க, அதைத் திருத்தினா போதும்."

"பீடத்திலேருந்து தேவனுக்கு நன்றி சொன்னதை, இல்லே, தப்பா நன்றி சொல்லிட்டோம்னு எப்படிம்மா சொல்றது? ஜனங்க என்ன நினைப்பாங்க?" அங்கியைப் பைக்குள் வைத்தார். "பொறுமையா இருங்க. ஒருவேளை அது முன்கூட்டிச் சொன்ன நன்றியா இருக்கட்டுமே."

எங்கள் அலுவலகத்தில் ஒரு கப்பலின் பெயரைத் தப்பாக டைப் செய்தால் அன்று மாலைக்குள் திருத்தக் கடிதம் போயாக வேண்டும். வராத சரக்கை வந்ததாக எழுதிவிட்டு, ஒருநாள் வரும் என்று பொறுமையாக இருக்க யாரும் விடமாட்டார்கள். தேவனுடைய வீட்டில் மட்டும் அது எப்படிச் சரியாகும் என்று அன்று முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம்தான் கேட்டேன்.

புதன்கிழமைக் கூட்டத்தில் விண்ணப்பங்களைக் கேட்டுக்கொண்டு வந்த டீச்சரம்மா, என் முறை வந்ததும் என்னைத் தாண்டி அடுத்தவரிடம் போய்விட்டார். என் விண்ணப்பம் நிறைவேறிவிட்டதே. அடுத்த புதனும் அப்படியே. தம்பியின் பெயர் அந்த அறையிலிருந்து போய்விட்டது. எண்ணெய்க் கடைக்காரரின் மனைவி என்னிடம், "உங்களைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வருது அக்கா. என் வீட்டுக்காரரும் ஒருநாள் வருவார்" என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளுடைய கணவர்தான் வேதாகமத்தை எறிகிறவர். என் தம்பியின் கண்ணில் விழுந்த துருவை நம்பிக்கொண்டு அவள் இன்னும் எத்தனை வருஷம் அந்த வீட்டில் காத்திருப்பாள்?

மூன்றாவது கூட்டத்தில் டீச்சரம்மா என்னைத் தாண்டுமுன் எழுந்து நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "என் தம்பி இன்னும் ஆண்டவரிடம் வரவில்லை. அவன் எனக்காக வந்து முழங்காற்படியிட்டான், அவ்வளவுதான். தயவுசெய்து அவனுக்காக மறுபடியும் ஜெபியுங்கள்."

எண்ணெய்க் கடைக்காரரின் மனைவி தரையைப் பார்த்தாள்.

"காணாமலே நம்பறதுதானேம்மா விசுவாசம்" என்றார் டீச்சரம்மா.

"காணாததை நம்பலாம் டீச்சரம்மா. நடக்காததை நடந்துச்சுன்னு சொல்றது விசுவாசம் இல்லே. அப்படிச் சொன்னா நாம கேக்கிறதையே நிறுத்திடறோம்."

அவர் கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினார். "எங்கள் சகோதரியின் இருதயத்தில் புகுந்த அவிசுவாசத்தை நீக்கும், ஆண்டவரே" என்றார். அதே வகுப்பறைக் குரல். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி, என் முன்னால், எனக்குக் கேட்கும்படி, என்னிடம் சொல்லாமல் கடவுளிடம் சொல்கிறார்கள். இது எப்படி இருக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை. போனால் அதுவும் என் அவிசுவாசத்துக்குச் சாட்சியாகிவிடும்.

அந்தக் கூட்டத்தை நான் விடவில்லை. விடச்சொன்னவர்களும் உண்டு, வேறு சபைக்கு வா என்று அழைத்தவர்களும் உண்டு. எங்கே போனாலும் நான் கேட்க வேண்டியவர் ஒருவர்தானே. புதன்கிழமைதோறும் என் விண்ணப்பத்தைச் சொன்னேன். சிலர் ஆமென் சொன்னார்கள். சிலர் இருமினார்கள். வீட்டில் தனியாக ஜெபிக்கும்போது என் வார்த்தைகள் குறைந்துகொண்டே வந்தன. உடையும் நொறுக்கும் என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். "இன்னும் நடக்கவில்லை. நீர் அறிவீர்" என்பேன். சில நாட்களில் அதைச் சொல்லும்போது என் குரலில் மரியாதை இருக்காது. வங்கியில் எத்தனை முறை போனாலும் நாளை வா என்று சொல்லும் குமாஸ்தாவிடம் பேசுவதுபோல் பேசியிருக்கிறேன். அதற்காக வருந்தியும் இருக்கிறேன். வருந்திய மறுநாளே அதேபோல் பேசியும் இருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தம்பி முதல் விடுப்பில் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். எனக்கு ஒரு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தான். வந்த அன்று சாயங்காலம் நான் பாய் விரித்து வேதாகமத்தை எடுத்தேன். எழுந்து அடுக்களைக்குப் போவான் என்று பார்த்தேன். போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தான்.

"வர்ற வழியிலே கோயில் வாசல்லே ரெண்டு பேர் என் கையைப் புடிச்சு ஸ்தோத்திரம் சொன்னாங்க. நான் ரட்சிக்கப்பட்டவனாமே?" என்றான்.

"நான் இல்லேன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்டே?"

"எல்லார்கிட்டேயும். கூட்டத்திலே எழுந்து நின்னு சொன்னேன்."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். கேலி பண்ணப் போகிறான் என்று நினைத்தேன். "உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாங்களே" என்றான்.

"விடலே."

"இப்போ நான் என்ன செய்யணும்? முட்டி போடட்டா?"

"வேண்டாம். உக்காந்திரு."

நான் சங்கீதம் ஒன்றை வாசித்தேன். பிறகு முழங்காற்படியிட்டேன். அவன் அறையில் இருக்கும்போது அவனுக்காக உரக்க ஜெபிக்கலாமா என்று தயங்கினேன். அவன் காதுக்காக ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டதால் எனக்குச் சொல்ல மிகக் கொஞ்சமே இருந்தது. அவனைப் பத்திரமாகக் கொண்டுவந்ததற்கு நன்றி என்றேன். நான் கேட்டுக்கொண்டிருப்பது இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அதற்குமேல் எதுவும் வரவில்லை. அவனும் ஆமென் சொல்வதற்கு இடம் கொடுத்துக் கொஞ்சம் நிறுத்தினேன். வெளியே கிடங்கில் யாரோ சாக்குகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் சொல்லவில்லை. நானே சொல்லிவிட்டு எழுந்தேன்.

"முடிஞ்சுதா? வழக்கமா இன்னும் நீளமா இருக்குமே" என்றான்.

"முடிஞ்சுது."

எனக்கு அவன்மேல் கோபம், தேவன்மேலும் கோபம். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன். சோற்றைப் பரிமாறினேன், இருவரும் சாப்பிட்டோம். மறுநாள் சாயங்காலம் அதே நேரத்துக்குப் பாயை விரித்தேன். அவன் அன்றைக்கு வெளியே போயிருந்தான்.